ஒரு பித்தான் கூடுதலாக

முகம் வேண்டாம் என்றான்.
சரி, முகம் இல்லை.
பெயரும் வேண்டாம் என்றான்.
இந்தக் கவிதையிலும் அதை எழுதப்போவதில்லை.

என்ன விலங்காக வரையட்டும் உன்னை?
எல்லாப் பிள்ளைகளிடமும் கேட்பதுதான்.
நரி என்பார்கள், முயல் என்பார்கள்.
ஒருமுறை ஒருத்தி
'நத்தை, ஆனா வேகமான நத்தை' என்றாள்.
இவன் சூரியகாந்தி விதைகளைப்
பல்லிடுக்கில் உடைத்துத் துப்பியபடி
வெகுநேரம் யோசித்தான்.
'விலங்காத்தான் இருக்கணுமா?
கோட்டா இருக்கலாமா?'

அம்மாவின் கோட்டு. பழுப்பு.
இத்தாலியில் யாரோ ஒரு முதியவரைக்
குளிப்பாட்டவும் அவருக்கு ஊட்டவும்
மினிபஸ்ஸில் ஏறியபோது
'அங்கே இவ்வளவு குளிராதாம்' என்று
ஆணியிலேயே விட்டுப்போனது.
நிஸ்த்ரு ஆறு உறைந்துகிடந்த ஜனவரியில்
அதற்குள்தான் இரவுகளில் குடியிருந்தார்கள்
அவனும் தங்கையும்,
ஆளுக்கொரு கை.

அப்பா?
மைக் ஓடிக்கொண்டிருந்தது.
'அப்பா கதவைத் தட்டுவாரு.'
அதன்பிறகு நான்கு நொடி
ஒன்றும் சொல்லவில்லை.

நொடிக்குப் பன்னிரண்டு தாள்.
நான்கு நொடிக்கு நாற்பத்தெட்டு.
பேச்சை வரைந்துவிடலாம்,
கோட்டின் மடிப்பு ஒன்றை வாயாக்கித் திறந்து மூடினால் போதும்.
பேசாததற்கு என்ன வரைவது?
இரண்டு வாரம் உட்கார்ந்து
காலரின் நுனியிலிருந்து ஒரு துளியை
மயிரிழை மயிரிழையாக இறக்கினேன்.
ருக்சாந்தா அதற்கு ஒலி சேர்த்தாள்:
சுண்டிவிட்ட கண்ணாடிக் கோப்பை.
பணம் தருகிறவர் கிஷினாவிலிருந்து வந்தார்,
பார்த்தார், மூக்கைச் சிந்திக்கொண்டார்.
'இந்த இடம்,' என்றார். 'இந்த இடம்தான்.'

அவனிடம் காட்டினேன்.

'நான் அழலையே.'
கோபமில்லை. பக்கத்துப் பையனின் கணக்கு நோட்டில்
தப்பைத் தொட்டுக் காட்டுகிற குரல்.
'எண்ணிக்கிட்டிருந்தேன்.
பதினாலு தட்டு தட்டுவாரு. சில நாள் பதினாறு.
அப்புறம் வாசப்படியிலேயே தூங்கிடுவாரு.
சத்தம் நின்னதும் கதவத் திறந்து
கோட்ட எடுத்துட்டுப் போய் அவர் மேல போர்த்தணும்.
இல்லன்னா விறைச்சிடுவாரு.'

அப்போது நீங்கள்?

'அடுப்பு மேல ஏறிப்போம்.
சோளச் சக்கை எரிச்சது
விடியுற வரைக்கும் கொஞ்சம் கதகதன்னு இருக்கும்.'
இதைச் சொல்லிவிட்டு
விதை இன்னும் இருக்கிறதா என்று கேட்டான்.

நாற்பத்தெட்டுத் துளிகளையும் அழித்தேன்.
பென்சில் போனது, தாளில் சாம்பல் தடம் நின்றது.
அதன் மேலேயே வரைந்தேன்:
ஆணியில் கோட்டு.
வெளியே ஒரு தட்டு, மேல் பித்தான் நடுங்குகிறது.
இன்னொரு தட்டு.
பதினான்காவதற்குப் பிறகு பித்தான் அசையாது.
அப்போது கோட்டு தானாகவே ஆணியிலிருந்து இறங்கி,
கையில்லாத கையால் தாழ்ப்பாளை நீக்கி,
பனிக்குள் போய்
ஒரு மேட்டின் மேல் படுத்துக்கொள்கிறது.

பணம் தருகிறவருக்குப் பழைய துளியே பிடித்திருந்தது.
கடிதம் எழுதினார். பதில் போடவில்லை.

சொரோக்காவில், பள்ளிக்கூட அரங்கில்,
முதன்முதலாகத் திரையிட்டோம்.
ஊர் தெரியாமல் மாற்றியிருந்தோம்,
குரலைக்கூட அரைச்சுருதி இறக்கியிருந்தோம்.
விளக்கு அணைந்து ஒரு நிமிடம் ஆகவில்லை.
அவன் தங்கை இருக்கையின் மேல் ஏறி நின்று,
'டேய், நம்ம கோட்டு!'

அரங்கம் முழுதும் திரும்பியது.
ஒன்றரை வருடம் மூவாயிரத்துச் சொச்சம் தாளில்
நான் மறைத்து வைத்த முகத்தை
எல்லோரும் பார்த்தார்கள்.
எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.
ருக்சாந்தா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

அவன் எழுந்தான்.
தொப்பியைக் கழற்றினான்.
'நம்மது இல்ல,' என்றான் தங்கையிடம்,
எல்லோருக்கும் கேட்கும்படி.
'நம்ம கோட்டுல மேல் பித்தான் கிடையாது.'

திரையில் கோட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.
முதல் தட்டு விழுந்தது.
இல்லாத பித்தான் நடுங்கியது.